தென்னாப்பிரிக்க வெளியுறவு அமைச்சு: அன்று எதிர்த்தரப்பு, இன்று வழக்குத் தொடுத்த தரப்பு. எப்படி?

2024ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் தேதி. நெதர்லந்தின் ஹேக் நகரில் இருக்கும் அனைத்துலக நீதிமன்றத்தில் தென்னாப்பிரிக்காவின் வழக்கறிஞர்கள் எழுந்து வாதாடத் தொடங்கினார்கள். காஸாவில் இஸ்ரேல் இனப்படுகொலைத் தடுப்பு உடன்பாட்டை மீறுகிறது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. இஸ்ரேல் அதைத் திட்டவட்டமாக மறுத்தது. அந்த விசாரணையின் காணொளித் துணுக்குகளை நீங்களும் கைப்பேசியில் பார்த்திருக்கலாம்.

பார்த்தபோது ஒரு கேள்வி எழுந்திருக்கும். மத்தியக் கிழக்கிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, ஆப்பிரிக்காவின் தென்கோடியில் இருக்கிற ஒரு நாடு ஏன் இதைக் கையில் எடுத்தது?

பதில் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சின் கதையில் இருக்கிறது. 1960களில் இதே நீதிமன்றத்தில் இதே அமைச்சு எதிர்த்தரப்பாக நின்றது. "எங்கள் விஷயத்தில் தலையிடாதீர்கள்" என்று உலகத்திடம் பல ஆண்டுகள் சொல்லிவந்த அமைச்சும் இதுதான்.

அந்தக் கதையைப் பார்க்கலாம், வாங்க.

(ஒரு சின்ன விளக்கம்: தென்னாப்பிரிக்காவில் அதிகாரபூர்வமாக இதைத் 'துறை' என்றுதான் சொல்கிறார்கள். இன்றைய முழுப் பெயர், அனைத்துலக உறவு மற்றும் ஒத்துழைப்புத் துறை. நமக்குப் பழகிய சொல் என்பதால் இங்கே 'வெளியுறவு அமைச்சு' என்றே சொல்கிறோம்.)

எப்போது தொடங்கியது?

1910ஆம் ஆண்டு மே 31ஆம் தேதி, நான்கு பிரிட்டிஷ் குடியேற்றப் பகுதிகளை இணைத்துத் தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவானது. சொந்த அரசாங்கம் இருந்தது. ஆனால் வெளிநாடுகளோடு பேசும் வேலை லண்டனிடமே இருந்தது.

1926இல் லண்டனில் நடந்த பேரரசு மாநாட்டில் அது மாறியது. பிரிட்டனும் அதன் தன்னாட்சி நாடுகளும் சமமான தகுதி உடையவை என்று அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டது. அடுத்த ஆண்டே, 1927இல், பிரதமர் ஹெர்ட்சோக் வெளிவிவகாரத் துறையைத் தொடங்கினார். முதல் அமைச்சரும் அவரே. 1929இல் எரிக் லோ என்பவர் தென்னாப்பிரிக்காவின் முதல் தூதராக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருவார்.

1950களின் நடுப்பகுதி வரை பிரதமராக இருப்பவரே வெளிவிவகாரத்தையும் கவனித்தார். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த அமைச்சு பேசியது சிறுபான்மை வெள்ளையர்களின் அரசாங்கத்துக்காக. பெரும்பான்மைக் கறுப்பின மக்களுக்கு அதில் எந்தச் சொல்லும் இல்லை.

1946: 'உள்நாட்டு விவகாரம்' என்ற கேடயம்

1939இலிருந்து 1948 வரை பிரதமராகவும் வெளிவிவகார அமைச்சராகவும் இருந்தவர் யான் ஸ்மட்ஸ். உலக அளவில் பெரிய பெயர். 1945இல் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் சாசன முன்னுரையை வரைந்ததில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. மனித உரிமையைப் பற்றிப் பேசும் முன்னுரை அது.

அடுத்த ஆண்டே அந்த நிறுவனத்தின் பொதுச் சபையில் அவருடைய நாட்டின் மீதே புகார் வந்தது. கொண்டுவந்தது இந்தியா. புகாருக்குக் காரணம், தென்னாப்பிரிக்க இந்தியர்கள் நடத்தப்பட்ட விதம்.

இங்கே நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நாட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய வந்த முதல் ஒப்பந்தக் கூலிகள் அதில் இருந்தார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்களிலும் தமிழர்கள் ஏராளம். இன்றும் டர்பனில் கோவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி போன்ற குடும்பப் பெயர்களைச் சாதாரணமாகக் கேட்கலாம்.

அந்த மக்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கட்டுப்படுத்தும் சட்டத்தை 1946இல் ஸ்மட்ஸ் அரசாங்கம் கொண்டுவந்தது. இந்தியா தென்னாப்பிரிக்காவுடனான வர்த்தகத்தை நிறுத்தியது. விஜயலட்சுமி பண்டிட் தலைமையிலான இந்தியக் குழு பொதுச் சபையில் வாதாடியது. "இது எங்கள் உள்நாட்டு விவகாரம்" என்றார் ஸ்மட்ஸ். சபை ஏற்கவில்லை. டிசம்பர் 8ஆம் தேதி மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு இந்தியாவுக்குச் சாதகமான தீர்மானம் நிறைவேறியது.

1948இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. இன ஒதுக்கல், அதாவது 'அப்பார்ட்டைட்', அரசாங்கத்தின் கொள்கையானது. அதற்குப் பிறகு அந்த 'உள்நாட்டு விவகாரம்' என்ற வாதம்தான் அமைச்சின் முழுநேர வேலை.

துங்குவோடு நடந்த மோதல்

1955இல் பிரதமரின் பொறுப்பிலிருந்து பிரித்துத் தனி அமைச்சர் நியமிக்கப்பட்டார். அவர்தான் எரிக் லோ.

1960ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் தேதி, ஷார்ப்வில் என்ற இடத்தில், கறுப்பின மக்களைக் கட்டுப்படுத்திய அனுமதிச் சட்டங்களை எதிர்த்துத் திரண்டவர்கள் மீது காவல்துறை சுட்டது. 69 பேர் மாண்டார்கள். சில வாரங்களில் லண்டனில் காமன்வெல்த் பிரதமர்கள் மாநாடு. பிரதமர் ஃபெர்வூர்ட் கொலை முயற்சியில் காயமடைந்திருந்ததால் அவருக்குப் பதிலாக எரிக் லோ போனார்.

ஒரு உறுப்பு நாட்டின் உள்விவகாரத்தை மற்ற நாடுகள் பேசக் கூடாது என்பது அந்த மாநாட்டின் எழுதாத வழக்கம். அதை உடைத்தவர் யார் தெரியுமா? மலாயாவின் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான்! மலாயா சுதந்திரம் பெற்று அப்போது மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. இன ஒதுக்கலைப் பேசியே ஆக வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். அவருக்கும் லோவுக்கும் இடையிலான மோதல் வெளிப்படையாகவே தெரிந்தது.

அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்கா குடியரசாக மாறத் தயாரானது. குடியரசான பிறகும் காமன்வெல்த்தில் நீடிக்க மற்ற உறுப்பு நாடுகளின் சம்மதம் வேண்டும். 1961 மார்ச்சில் ஃபெர்வூர்ட் தாமே லண்டன் வந்தார். துங்கு, இந்தியாவின் நேரு, கனடாவின் டீஃபன்பேக்கர் போன்றவர்களின் எதிர்ப்பு தணியவில்லை. விண்ணப்பத்தை மீட்டுக்கொண்டு அவர் வெளியேறினார். மே 31ஆம் தேதி குடியரசு பிறந்தது. அமைச்சின் பெயரும் 'வெளிநாட்டு விவகாரத் துறை' என்று மாறியது. காமன்வெல்த்துக்குத் திரும்ப அந்த நாட்டுக்கு 33 ஆண்டு ஆனது.

ஹேக்கில் எதிர்த்தரப்பாக நின்ற காலம்

சரி, அனைத்துலக நீதிமன்றத்துக்கு வருவோம்.

இன்றைய நமீபியா முதல் உலகப் போருக்கு முன் ஜெர்மனியின் குடியேற்றப் பகுதி. போருக்குப் பின் அதை நிர்வகிக்கும் பொறுப்பு தென்னாப்பிரிக்காவிடம் கொடுக்கப்பட்டது. அது திருப்பித் தரவே இல்லை. இன ஒதுக்கலையும் அங்கே கொண்டுபோனது. 1960இல் எத்தியோப்பியாவும் லைபீரியாவும் வழக்குத் தொடுத்தன.

அந்த இரு நாடுகளையும் நமீபியா நேரடியாகப் பாதிக்கவில்லை. "இன்னொருவருக்கு நடக்கும் அநீதிக்காக நாங்கள் கேட்கிறோம்" என்பதுதான் அவற்றின் நிலை. 1966இல் தீர்ப்பு வந்தது. நீதிபதிகளின் வாக்கு 7க்கு 7. தலைமை நீதிபதியின் கூடுதல் வாக்கால் வழக்குத் தள்ளுபடியானது. காரணம்? இந்த விஷயத்தில் வழக்குத் தொடுக்கும் சட்ட உரிமை அந்த இரு நாடுகளுக்கும் இல்லையாம்!

தென்னாப்பிரிக்காவுக்கு அது வெற்றி. ஆனால் நீடிக்கவில்லை. 1971இல் அதே நீதிமன்றம், நமீபியாவில் தென்னாப்பிரிக்கா இருப்பதே சட்டவிரோதம் என்று ஆலோசனைக் கருத்து வழங்கியது.

இப்போது 2024 ஜனவரியை யோசிச்சுப் பாருங்க. அன்று எத்தியோப்பியாவும் லைபீரியாவும் நின்ற இடத்தில், நேரடியாகப் பாதிக்கப்படாத ஒரு மூன்றாம் நாடாக, தென்னாப்பிரிக்கா நின்றது.

பிக் போத்தா: 17 ஆண்டு அமைச்சர்

1960களின் அந்த வழக்கில் தென்னாப்பிரிக்க அணியில் இருந்த இளம் வழக்கறிஞர்களில் ஒருவர் பிக் போத்தா. 1974இல் அவர் ஐக்கிய நாட்டு நிறுவனத்துக்கான தூதர். அந்த ஆண்டு அக்டோபரில் தென்னாப்பிரிக்காவை நிறுவனத்திலிருந்தே நீக்கும் தீர்மானம் பாதுகாப்பு மன்றத்துக்கு வந்தது. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் வீட்டோ அதிகாரத்தால் தடுத்தன. இரண்டே வாரத்தில், நவம்பர் 12ஆம் தேதி, பொதுச் சபை தன் கூட்டங்களில் அந்நாடு பங்கேற்பதை நிறுத்திவைத்தது. அந்தக் கதவு மீண்டும் திறக்க 20 ஆண்டு ஆனது.

தோலின் நிறத்தை மட்டும் வைத்துப் பாகுபாடு காட்டுவதை நியாயப்படுத்த முடியாது என்ற பொருளில் போத்தா அப்போது பாதுகாப்பு மன்றத்தில் பேசியிருந்தார். 1977இல் அவர் வெளியுறவு அமைச்சர். அதே ஆண்டு பாதுகாப்பு மன்றம் ஆயுத விற்பனைத் தடை விதித்தது. உள்ளே மாற்றம் வேண்டும் என்று சொல்வதும், வெளியே அதே அரசாங்கத்தைத் தற்காப்பதும் அவர் வேலையாக இருந்தது. 1986இல், எதிர்காலத்தில் ஒரு கறுப்பினத்தவர் அதிபராக வரலாம் என்று சொன்னார். அதிபர் பி.டபிள்யூ. போத்தா நாடாளுமன்றத்திலேயே அவரைக் கண்டித்தார். (இருவரும் உறவினர்கள் அல்ல.)

1988 டிசம்பரில் நியூயார்க்கில் கையெழுத்தான உடன்பாடு நமீபியாவின் விடுதலைக்கு வழி திறந்தது. 1990 மார்ச் 21ஆம் தேதி, ஷார்ப்வில் நடந்து சரியாக 30 ஆண்டு கழித்து, நமீபியா சுதந்திர நாடானது. பிறகு நெல்சன் மண்டேலாவின் அமைச்சரவையிலும் போத்தா இடம்பெற்றார், கனிமவள, எரிசக்தி அமைச்சராக.

இன்னொரு 'வெளியுறவு அமைச்சு'

தென்னாப்பிரிக்காவின் பெயரில் உலகத்தோடு பேசியது இந்த அமைச்சு மட்டும்தானா? அதுதான் இல்லை.

1960இல் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் தடைசெய்யப்பட்டது. அதன் தலைவர்களில் ஒருவரான ஆலிவர் தாம்போ நாட்டைவிட்டு வெளியேறி, 30 ஆண்டு வெளிநாட்டில் இருந்தபடி அமைப்பை நடத்தினார். தலைமையகம் ஸாம்பியாவின் லுசாகா நகரில். பல நாடுகளில் அலுவலகங்கள். தூதரகம் என்ற பெயர் இல்லை. செய்தது தூதரக வேலை: நாடு நாடாகப் போய், "அந்த அரசாங்கத்தோடு வியாபாரம் வேண்டாம், விளையாட்டு வேண்டாம், ஆயுதம் விற்க வேண்டாம்" என்று கேட்பது.

அதற்கு உயிரை விலையாகக் கொடுத்தவர்களும் உண்டு. பாரிஸில் அமைப்பின் பிரதிநிதியாக இருந்த டல்சி செப்டம்பர், முன்னாள் ஆசிரியை, 1988 மார்ச் 29ஆம் தேதி தம் அலுவலக வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளி இன்றுவரை சிக்கவில்லை.

தாம்போ 1993 ஏப்ரலில் காலமானார். எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் தேர்தல் நடந்தது அதற்கு அடுத்த ஏப்ரலில். தம் நாட்டில் ஒருமுறைகூட வாக்களிக்காத அந்த மனிதரின் பெயரைத்தான் பிரிட்டோரியாவில் இருக்கும் வெளியுறவு அமைச்சின் கட்டடம் இன்று தாங்கி நிற்கிறது.

1994: ஒரே கூரையின்கீழ் எதிரிகள்

1994 மே மாதம் மண்டேலா அதிபரானார். அடுத்த சில வாரங்களில் தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்துக்குத் திரும்பியது. ஜூன் 23ஆம் தேதி ஐக்கிய நாட்டுப் பொதுச் சபையில் மீண்டும் உட்கார்ந்தது.

வெளியுறவு அமைச்சரானவர் ஆல்ஃபிரட் இன்ஸோ. ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸின் தலைமைச் செயலாளராக 20 ஆண்டுக்குமேல் இருந்தவர். துணையமைச்சர் அஸிஸ் பஹாட், இந்திய வம்சாவளியினர். அவர்கள் முன் இருந்த வேலையை நினைத்துப் பாருங்கள். இன ஒதுக்கலைத் தற்காத்த பழைய தூதர்களும், அதை எதிர்த்து நாடுகடந்து வாழ்ந்தவர்களும் இனி ஒரே அமைச்சில் ஒன்றாக வேலை செய்ய வேண்டும்!

வெளியுறவுக் கொள்கைக்கு மனித உரிமையே வழிகாட்டும் என்று மண்டேலா முன்பே எழுதியிருந்தார். முதல் சோதனை சீக்கிரமே வந்தது. 1995 நவம்பரில் நைஜீரியாவின் ராணுவ ஆட்சி, எழுத்தாளர் கென் சாரோ-விவாவையும் மற்ற எட்டுப் பேரையும் தூக்கிலிட்டது. மண்டேலா கடும் நடவடிக்கை கேட்டார். காமன்வெல்த் நைஜீரியாவை இடைநீக்கம் செய்தது. ஆனால் ஆப்பிரிக்க நாடுகள் அவர் பின்னால் வரவில்லை. தனியாகக் குரல் கொடுத்தால் தனித்துவிடப்படுவோம் என்பது பிரிட்டோரியா கற்ற பாடம்.

1998 ஜனவரி 1ஆம் தேதி, தைவானுடனான அதிகாரபூர்வ உறவை முடித்துச் சீனாவுடன் தென்னாப்பிரிக்கா உறவு தொடங்கியது. கொள்கையோடு கணக்கும் பார்க்க வேண்டியிருந்தது.

25 ஆண்டு, நான்கு பெண்கள்

1999இலிருந்து 2024 வரை இந்த அமைச்சை வழிநடத்திய நால்வருமே பெண்கள். முதலில் வந்த இன்கோசஸானா தலாமினி-ஸூமா, பிற்பாடு ஆப்பிரிக்க ஒன்றிய ஆணையத்தின் முதல் பெண் தலைவரும் ஆனார்.

நம் வட்டாரத்தோடு நேரடித் தொடர்புள்ள ஒரு சம்பவம் அவர் காலத்தில் நடந்தது. 2007 ஜனவரியில் தென்னாப்பிரிக்கா முதன்முறையாகப் பாதுகாப்பு மன்றத்தில் அமர்ந்தது. அந்த மாதமே மியன்மார் ராணுவ ஆட்சியைக் கண்டிக்கும் தீர்மானம் வந்தது. சீனாவும் ரஷ்யாவும் வீட்டோ அதிகாரத்தைப் பயன்படுத்தின. அவற்றோடு சேர்ந்து எதிர்த்து வாக்களித்தது தென்னாப்பிரிக்கா! இந்தோனேசியாகூட வாக்களிக்காமல் விலகித்தான் நின்றது. மியன்மார் உலக அமைதிக்கு மிரட்டல் இல்லை, இதைப் பேச வேண்டிய இடம் மனித உரிமை மன்றம் என்பது பிரிட்டோரியாவின் விளக்கம். அன்று அங்கே தூதராக இருந்த டுமிசானி குமாலோ, ஒரு காலத்தில் அமெரிக்காவில் இன ஒதுக்கலுக்கு எதிராகத் தடை கேட்டுப் பிரசாரம் செய்தவர்.

2009இல் மைட்டே இன்கோவானா-மஷபானே பொறுப்பேற்றபோது அமைச்சுக்கு மூன்றாவது பெயர், இன்றைய பெயர், கிடைத்தது. 2011இல் பிரிக்ஸ் அமைப்பின் உச்சநிலைக் கூட்டத்தில் தென்னாப்பிரிக்கா முதல் முறையாகக் கலந்துகொண்டது.

2015இல் பெரிய சிக்கல். அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் தேடிய சூடான் அதிபர் ஒமார் அல்-பஷீர், ஜோஹானஸ்பர்க் மாநாட்டுக்கு வந்தார். அவரை வெளியேற விடக் கூடாது என்று உள்ளூர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர் விமானம் ஏறிப் போய்விட்டார். அரசாங்கம் செய்தது சட்டவிரோதம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் பிறகு சொன்னது.

2018இல் லிண்டிவே சிசுலு வந்தார். அந்த ஆண்டு ரொஹிங்யா மக்கள் தொடர்பான ஐக்கிய நாட்டுத் தீர்மானத்தில் முதலில் வாக்களிக்காமல் விலகிய தென்னாப்பிரிக்கா, அவர் தலையிட்ட பிறகு ஆதரவு பக்கம் மாறியது. 2019இல் நலேடி பாண்டோர் பொறுப்பேற்றார். 2022இல் உக்ரேன் மீதான ரஷ்யப் படையெடுப்பைக் கண்டிக்கும் வாக்கெடுப்பில் தென்னாப்பிரிக்கா விலகி நின்றது. 2023 டிசம்பர் 29ஆம் தேதி இஸ்ரேலுக்கு எதிரான வழக்கைத் தாக்கல் செய்தது.

முடிவெடுப்பது யார்?

அமைச்சர் மட்டும் அல்ல.
• அதிபர்: வெளியுறவுக் கொள்கையில் இறுதிச் சொல் அவருடையது. தூதர்களை நியமிப்பவரும் அவரே.
• அமைச்சர்: அன்றாடத் தலைமை, பேச்சுவார்த்தை.
• தலைமை இயக்குநர்: அமைச்சின் மூத்த அரசு ஊழியர். உலகெங்கும் உள்ள 100க்கும் மேற்பட்ட தூதரகங்களின் நிர்வாகம் இவர் பொறுப்பு.
• நாடாளுமன்றம்: முக்கிய உடன்பாடுகள் நாட்டைக் கட்டுப்படுத்த இதன் ஒப்புதல் தேவை.
• நீதிமன்றம்: இவர்கள் எல்லாரையும் கேள்வி கேட்கலாம்.

கடைசி இரண்டும் பேச்சுக்குச் சொல்வது இல்லை. அல்-பஷீர் விவகாரத்துக்குப் பிறகு, 2016இல், அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து விலகுவதாக அரசாங்கம் அறிவித்தது. நாடாளுமன்றத்தைக் கேட்காமல் அப்படிச் செய்தது அரசமைப்புக்கு முரண் என்று 2017 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதம் அறிவிப்பு மீட்டுக்கொள்ளப்பட்டது. அதன் விளைவை 2023இல் எல்லாரும் பார்த்தார்கள். ஜோஹானஸ்பர்க்கில் பிரிக்ஸ் கூட்டம் நடந்தபோது, கைதாணை இருந்ததால் ரஷ்ய அதிபர் புட்டின் நேரில் வரவில்லை.

இப்போது என்ன நிலைமை?

2024 தேர்தலில் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் பெரும்பான்மையை இழந்தது. கூட்டணி அரசாங்கத்தில் வெளியுறவு அமைச்சரானார் ரொனால்டு லமோலா. அப்போது அவருக்கு வயது 40. நீதி அமைச்சராக இருந்தபோது ஹேக் விசாரணைக்குத் தென்னாப்பிரிக்கக் குழுவைத் தலைமையேற்றுக் கொண்டுபோனவரும் அவரே.

2024 ஜனவரி 26ஆம் தேதி நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. இனப்படுகொலைச் செயல்களைத் தடுக்கவும், உதவிப் பொருள்கள் சென்றுசேர வழிசெய்யவும் இஸ்ரேலுக்கு உத்தரவிட்டது. சண்டை நிறுத்தம் அதில் இல்லை. இனப்படுகொலை நடந்ததா என்ற கேள்விக்கு அது பதிலும் இல்லை. அந்த இறுதித் தீர்ப்புக்கு ஆண்டுகள் ஆகலாம்.

இதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 2025 பிப்ரவரியில் அமெரிக்கா தென்னாப்பிரிக்காவுக்கான உதவியை நிறுத்தும் ஆணை பிறப்பித்தது. நிலச் சட்டத்தோடு இந்த வழக்கையும் அந்த ஆணை காரணமாகச் சொன்னது. மார்ச் மாதம் தென்னாப்பிரிக்கத் தூதர் இப்ராஹிம் ரசூலை வெளியேற்றியது. நவம்பரில் ஜோஹானஸ்பர்க்கில் நடந்த ஜி20 உச்சநிலை மாநாட்டை அமெரிக்கா புறக்கணித்தது. ஆப்பிரிக்க மண்ணில் நடந்த முதல் ஜி20 உச்சநிலை மாநாடு அது.

ஒரே பார்வையில்: 1955 முதல் தலைமை வகித்தவர்கள்

• எரிக் லோ: 1955–1964
• ஹில்கார்ட் முல்லர்: 1964–1977
• பிக் போத்தா: 1977–1994
• ஆல்ஃபிரட் இன்ஸோ: 1994–1999
• இன்கோசஸானா தலாமினி-ஸூமா: 1999–2009
• மைட்டே இன்கோவானா-மஷபானே: 2009–2018
• லிண்டிவே சிசுலு: 2018–2019
• நலேடி பாண்டோர்: 2019–2024
• ரொனால்டு லமோலா: 2024 முதல்

கடைசியாக ஒன்று

"மியன்மாருக்கு ஒரு நியாயம், உக்ரேனுக்கு ஒரு நியாயம், காஸாவுக்கு ஒரு நியாயமா?" என்று குறைகூறுவோர் கேட்கிறார்கள். மேலே உள்ள வாக்குகளைப் பார்த்தால், கேள்வியில் நியாயம் இல்லை என்று தள்ளிவிட முடியாது. "எங்களுக்காக மற்றவர்கள் குரல் கொடுத்ததால்தான் நாங்கள் விடுதலை பெற்றோம்" என்று ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். அதுவும் உண்மை. 1946இல் இந்தியாவும், 1960இல் மலாயாவும், எத்தியோப்பியாவும், லைபீரியாவும், "அது அவங்க வீட்டு விஷயம்" என்று ஒதுங்கிப் போகவில்லை.

மற்ற நாடுகளிடம் யாரும் இவ்வளவு கறாராகக் கணக்குக் கேட்பதில்லை. தென்னாப்பிரிக்காவிடம் கேட்கிறார்கள், அதன் வரலாறு அப்படி. அடுத்த முறை பிரிட்டோரியாவின் பெயர் செய்தியில் வரும்போது, அது எந்தப் பக்கம் வாக்களித்தது என்பதோடு, யாருக்காகக் குரல் கொடுத்தது, யாருக்காகக் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.